சாக்கோடு எடை போட்ட அரிசி

பம்பாயின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வளரும் பிள்ளை பால்வாடிக்குப் போவதற்கு முன்பே மூன்று மொழிகளில் சண்டை போடும். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ். பக்கத்துச் சால் குடியிருப்பில் மராத்தி. கடையிலும் கிரிக்கெட் ஆட்டத்திலும் பம்பாய் இந்தி. இதில் எதையும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. அம்மா தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது அவள் இடுப்பிலிருந்து கேட்டது, அண்ணன் யாரையோ ஏசும்போது கேட்டது, அடுத்த வீட்டு டிவியில் கேட்டது. காதில் விழுந்து விழுந்தே மொழி வந்துவிடுகிறது.

அதே சந்தில் பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு அந்த மூன்றில் ஒன்றுகூட அப்படி வருவதில்லை. அதற்குத் தெரிவதெல்லாம் அசையும் வாய்கள். பதினாறு வயதில் அந்தப் பிள்ளை முன்னால் ஆங்கிலத்தில் அச்சிட்ட பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளை வைக்கிறோம். மார்க் குறைந்தால் படிப்பு ஏறவில்லை என்று சொல்லிவிடுகிறோம். ஏறாதது படிப்பா, அல்லது கேள்வியே அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லையா? இரண்டும் வேறு வேறு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் காது, மூளை, இலக்கணம், தேர்வு ஆகிய நான்கையும் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 50 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஏதோ ஒரு சில வீடுகளின் பிரச்சினை இல்லை இது.

ஒன்றரை நாள் பள்ளிக்கூடம்

எழுத்து எப்படி வருகிறது என்பதற்கு லேபர் கேம்ப்பே ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே 1920இல் சாங்லி மாவட்டத்து வாட்டேகாவில், தீண்டாமைக்கு ஆளான மாங் சாதியில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அவர் இருந்தது ஒன்றரை நாள்தான் என்று சொல்வார்கள். பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்து லேபர் கேம்ப்பில் வாழ்ந்தார், செங்கொடி இயக்கத்தோடு சேர்ந்தார், கொசுக்கடியைப் பற்றிக்கூட ஒரு போவாடா (மராத்திக் கதைப்பாட்டு) கட்டினார். கடைப் பலகைகளையும் சுவரொட்டிகளையும் எழுத்துக் கூட்டிப் படித்தே வாசிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவற்றில் ‘ஃபகீரா’வுக்கு 1961இல் மகாராஷ்டிர அரசின் பரிசு கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் ஒன்றரை நாளே இருந்தவருக்கு இது எப்படி முடிந்தது? திறமையும் பிடிவாதமும் ஒருபக்கம். அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. எழுத்தைத் தொடும்போது அவருக்குள் மராத்தி முழுதாக இருந்தது. பலகையில் உள்ள கோடுகள் எந்த ஒலியைக் குறிக்கின்றன என்பதை மட்டும் அவர் கண்டுபிடித்தால் போதும். ஒலி கிடைத்ததும் சொல் கிடைத்துவிடும், சொல்லோடு பொருளும் வந்துவிடும். படிக்கக் கற்பது என்றால் பெரும்பாலும் இதுதான்: ஏற்கெனவே தெரிந்த மொழியைக் கண்ணால் அடையாளம் காண்பது.

காது கேளாத பிள்ளைக்கு இந்தப் படிக்கட்டு இல்லை. ஆங்கிலத்தில் ‘வாட்டர்’ என்று எழுதினால் அது எந்த ஒலியையும் எழுப்பாது. எழுத்தையும் சொல்லையும் இலக்கணத்தையும் ஒரே சமயத்தில், வெறும் தாளிலிருந்து மட்டுமே எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். கேட்கும் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது ஐந்து வருடப் பேச்சு அதன் கணக்கில் இருக்கிறது. இந்தப் பிள்ளை பூஜ்யத்தில் தொடங்குகிறது.

உதட்டில் தெரியாதது

காது மிஷின் மாட்டினால் கேட்காதா, உதட்டைப் பார்த்தால் புரியாதா என்று எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் பாதி இயற்பியலில் இருக்கிறது.

சாதாரணப் பேச்சின் ஒலி அளவு ஏறக்குறைய 60 டெசிபெல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதிலும் 70 டெசிபெல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை இருந்தால் கேள்திறன் குறைந்தவர் என்றும் வகுக்கிறது. ஆனால் இழப்பு எல்லாச் சுருதியிலும் ஒரே மாதிரி இருக்காது. பலருக்கும் கீழ்ச் சுருதி ஓரளவு மிஞ்சியிருக்கும், மேல்சுருதி போயிருக்கும். உயிரொலிகளின் சக்தி பெரும்பாலும் கீழ்ச் சுருதியில் இருக்கிறது. ‘ஸ்’ என்ற ஒலியோ 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே வாழ்கிறது. ஒரு பெண்ணோ குழந்தையோ சொன்னால் இன்னும் மேலே. பழைய காது மிஷின்கள் சரியாக எட்டாத உயரம் அது.

ஆங்கிலம் தன் இலக்கணத்தில் எத்தனை வேலையை இந்த ஒற்றை ‘ஸ்’ மேல் சுமத்தியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு புக், இரண்டு புக்ஸ். ஐ ரன், ஹீ ரன்ஸ். ராஜுவின் பை என்றால் ராஜுஸ் பேக். பன்மை, வினைமுடிவு, உடைமை மூன்றும் ஒரு சீறலில் அடக்கம். ‘த’, ‘வாஸ்’, ‘பை’ போன்ற குட்டிச் சொற்களும் பேச்சில் அழுத்தமில்லாமல் ஓடி மறைபவை. மிஷின் போட்ட பிள்ளைக்கு ‘புக்’ கேட்கும், ‘ஸ்’ கேட்காது. கேட்காத ஒன்றை அந்தப் பிள்ளை தாளில் விட்டுவிடுகிறது. ஆசிரியர் சிவப்பு மையில் சுழிக்கிறார்.

உதட்டைப் படிப்பதற்கும் எல்லை உண்டு. கண்ணாடி முன் நின்று ‘படம்’, ‘மடம்’ என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். பிறகு ‘பணம்’, ‘மணம்’. உதடுகளுக்கு வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் ப-வையும் ம-வையும் பிரிப்பது மூக்கின் வேலை. க-வோ தொண்டைப் பக்கம் பிறப்பது, வெளியில் தெரியவே தெரியாது. பேச்சில் பாதிக்கும் குறைவான ஒலிகளே முகத்தில் தெரிகின்றன. மொழி தெரிந்தவர் மீதியை ஊகித்து நிரப்பிக்கொள்வார். மொழியே இன்னும் வராத பிள்ளை எதை வைத்து நிரப்பும்?

முதல் ஐந்து வருடங்கள்

இங்கிலாந்தில் ஆர். கான்ராட் என்ற உளவியலாளர் காது கேளாதோர் பள்ளிகளிலிருந்து வெளியேறும் பதினைந்து, பதினாறு வயது மாணவர்களைச் சோதித்து, 1979இல் முடிவை நூலாக வெளியிட்டார். அவர்களின் நடுமட்ட வாசிப்புத் திறன் ஒன்பது வயதுப் பிள்ளையின் அளவில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்கக் கணக்கும் அதே பாட்டைத்தான் பாடியது: பதினெட்டு வயதில் நடுமட்டம் நான்காம் வகுப்பு. அங்கெல்லாம் கருவிகள் உண்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் உண்டு, பணம் உண்டு. ஆனாலும் நிலை இதுதான். அப்படியென்றால் காது கேளாமைதான் காரணமா?

இல்லை என்று காட்டியது ரேச்சல் மேபெரியும் அவருடைய சகாக்களும் செய்து 2002இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. மூன்று குழுக்களின் ஆங்கில இலக்கணத்தைச் சோதித்தார்கள். முதல் குழு, பிறவியிலேயே காது கேளாமல், சைகை மொழியைச் சிறு வயதிலேயே முழுதாகப் பெற்றவர்கள். இரண்டாவது, காது கேட்பவர்கள்; வேறொரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவர்கள். மூன்றாவது, காது கேளாமல், சிறு வயதில் எந்த மொழியும் சரிவரக் கிடைக்காதவர்கள். முதல் இரண்டு குழுக்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நன்றாகச் செய்தன. பின்தங்கியது மூன்றாவது குழு மட்டுமே.

இந்த அத்தியாயத்துக்கு இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு இல்லை. எழுத்து ஆங்கிலத்தைத் தடுப்பது காது கேளாமை அல்ல. முதல் மொழி இல்லாமல் கழியும் குழந்தைப் பருவம்தான் தடுக்கிறது. அந்த முதல் மொழி வாயால் வந்தாலும் சரி, கையால் வந்தாலும் சரி, மூளைக்கு ஒன்றுதான். காலத்தே வர வேண்டும், அவ்வளவே.

நம் நாட்டிலேயே இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். தில்லியைச் சேர்ந்த சௌமியா சர்மா பதினாறு வயதில் திடீரென்று கேள்திறனை இழந்தார். சட்டம் படித்து, 2017 குடிமைப் பணித் தேர்வில் ஒன்பதாவது இடம் பிடித்தார். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காது போனபோது மொழி உள்ளே பத்திரமாக இருந்தது. கேள்திறனைக் காட்டும் ஆடியோகிராம் தாளில் பார்த்தால் அவரும் பிறவிச் செவிடான பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள். கேள்வித்தாள் முன்னால் அவர்கள் வேறு வேறு உலகம். சான்றிதழில் போடும் சதவீதம் இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை.

காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கின்றன. சைகை மொழி தெரிந்தவர் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டிய பள்ளியும் நீண்ட காலம் கையைக் கட்டிப்போட்டது. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது, சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. ஐந்து வருடம் கழித்து, 1885இல், பம்பாய் மஜ்காவில் இந்தியாவின் முதல் காது கேளாதோர் பள்ளி தொடங்கியது. லேபர் கேம்ப் தமிழர்களின் சொந்த ஊர்ப் பக்கம், பாளையங்கோட்டையில், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் 1890களில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மிலானின் நிழல் உலகம் முழுக்க நூறு வருடம் விழுந்தது. பிள்ளைகள் வகுப்பில் வாயைத் திறந்து ஒலி பழகினார்கள்; விடுதியிலும் மைதானத்திலும் கைகளால் பேசிக்கொண்டார்கள். இந்திய சைகை மொழி வளர்ந்தது பெருமளவு இந்த இரண்டாவது இடத்தில்தான்.

கைகளின் இலக்கணம்

சைகை மொழி என்றால் ஊமை ஜாடை என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. 1970களில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் வுட்வர்ட் முதலியோர் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களில் சைகைகளைத் தொகுத்து, இவை ஒரு மொழிக் குடும்பமாகவே இயங்குகின்றன என்று காட்டினார்கள். 2000ஆம் ஆண்டையொட்டி உல்ரிகே ஸேஷான் அதன் இலக்கணத்தை விரிவாக எழுதினார்.

அந்த இலக்கணம் தமிழருக்கு அவ்வளவு அந்நியமில்லை. காலத்தைச் சொல்லும் சொல் முன்னால் வரும். வினை பின்னால் வரும். கேள்விச் சொல் கடைசியில் நிற்கும். ‘உன் பேர் என்ன’ என்று நாம் கேட்கும் வரிசைதான். ‘த’, ‘அ’ மாதிரி சார்புச் சொற்கள் கிடையாது. ‘இஸ்’, ‘ஆர்’ கிடையாது. தமிழிலும்தான் இல்லை, ‘அவர் டாக்டர்’ என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதை இடமே சொல்லிவிடும். ‘கொடு’ என்ற சைகை கொடுப்பவர் இருக்கும் பக்கத்திலிருந்து புறப்பட்டு வாங்குபவர் பக்கம் போய்ச் சேரும். திசை மாறினால் கொடுத்தவர் மாறுவார். ஒரு வேற்றுமை உருபும் தேவையில்லை.

இந்த மொழியில் யோசிக்கும் மாணவி ஆங்கிலத்தில் ‘எஸ்டர்டே மார்க்கெட் ஐ கோ’ என்று எழுதுகிறாள். நேற்று மார்க்கெட் நான் போ. ஆங்கிலம் தப்பு. சிந்தனையில் ஒரு குறையும் இல்லை. தாராவித் தமிழ் ஆத்தாக்கள் நாற்பது வருடம் பம்பாயில் இருந்தும் ‘மேரி காடி’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘மேரா காடி’ என்பார்கள். வண்டிக்கும் நாற்காலிக்கும் ஆண் பெண் பார்ப்பது தமிழில் இல்லையே. அதைக் கேட்டு இந்திக்காரன் சிரிப்பான். ஆனால் அந்த ஆத்தாவுக்குப் புத்தி மட்டு என்று யாரும் சான்றிதழ் எழுதுவதில்லை. ஒரு மொழியின் பழக்கம் இன்னொரு மொழியில் எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். காது கேளாத மாணவியின் ஆங்கிலத்தையும் இரண்டாம் மொழி ஆங்கிலமாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பெரிய தடை எங்கே என்பதை 1970களில் ஸ்டீபன் குவிக்லியின் குழு அமெரிக்காவில் கண்டுபிடித்தது. ‘த பாய் வாஸ் ஹெல்ப்ட் பை த கேர்ள்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்தால், காது கேளாத பல மாணவர்கள் பையன் பெண்ணுக்கு உதவினான் என்று புரிந்துகொண்டார்கள். முதலில் வருபவர் செய்பவர், அடுத்து வருபவர் பெறுபவர் என்ற விதியை அவர்கள் கண்ணாலேயே கண்டெடுத்திருந்தார்கள். எளிய வாக்கியங்களில் அது சரியாக வரும். ‘வாஸ்’, ‘பை’ என்ற இரண்டு குட்டிச் சொற்கள் அதைக் கவிழ்த்துவிடும். வாக்கியத்துக்குள் வாக்கியம் இருந்தாலும் இதே கதி. பெண்ணை அடித்த பையன் வீட்டுக்குப் போனான் என்பதை ஆங்கில வரிசையில் எழுதினால், ‘கேர்ள்’ என்ற சொல்லுக்கு அடுத்ததாக ‘வென்ட்’ வந்து நிற்பதால், வீட்டுக்குப் போனது பெண்தான் என்று படித்தார்கள். கேள்வித்தாள்கள் விரும்பி எழுதும் வாக்கியங்கள் இவையேதான்.

தேர்வு எதை நிறுக்கிறது

தேர்வு என்பதும் ஓர் அளவைக் கருவி. எந்தக் கருவியிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நீ அளப்பது எதை? அறிவியல் தேர்வு அறிவியலை அளக்க வேண்டும். கேள்வியின் ஆங்கிலம் புரியாததால் மார்க் போனால், அங்கே அறிவியலோடு சேர்த்து ஆங்கிலமும் தராசில் ஏறிவிட்டது. அரிசியைச் சாக்கோடு எடை போட்டு விலை சொல்வது மாதிரி. எல்லார் சாக்கும் ஒரே கனம் என்றால் பாதகமில்லை. சிலர் சாக்கு மட்டும் கனம் என்றால் அது மோசடி. சாமுவேல் மெசிக் என்ற அமெரிக்க உளவியல் அளவீட்டு அறிஞர் 1989இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதி வைத்தார்: அளக்க நினைத்ததற்குச் சம்பந்தமில்லாத ஒன்றால் மதிப்பெண் ஏறி இறங்கினால், அந்த மதிப்பெண்ணுக்கு நாம் சொல்லும் பொருள் செல்லாது.

ஒரு கேள்வியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மின்சுற்றுப் படம் ஒன்று, கீழே இப்படி: ‘இஃப் த ஸ்விட்ச் வேர் டு பி லெஃப்ட் ஓப்பன், விச் ஆஃப் த பல்ப்ஸ் வுட் கண்டின்யூ டு பி லிட்?’ மின்சுற்றை நன்றாகத் தெரிந்த காது கேளாத மாணவி இதைப் படிக்கிறாள். ‘லெஃப்ட்’ அவளுக்குத் தெரிந்த சொல்தான், இடது பக்கம். படத்தில் இடது பக்க ஸ்விட்சைத் தேடுகிறாள். ‘வேர் டு பி’ எதையும் சொல்லவில்லை. ‘லிட்’ இதுவரை பார்க்காத சொல். பதில் தப்பு. இதையே ‘த ஸ்விட்ச் இஸ் ஓப்பன். விச் பல்ப் இஸ் ஆன்?’ என்று கேட்டால்? இயற்பியல் இம்மியும் குறையவில்லை. ‘ஓப்பன்’ என்பது பாடத்தின் கலைச்சொல், அதை மாணவி கற்றிருக்கத்தான் வேண்டும், அதைத் தொடவில்லை. கலைச்சொல்லைச் சுமந்து வரும் மொழியை மட்டும் சீர்செய்திருக்கிறோம். பிரிட்டனில் காது கேளாதோர் ஆசிரியர் சங்கம் இதற்கென்றே ஆட்களைப் பயிற்றுவிக்கிறது: பாடச் சொல்லில் கை வைக்காதே, சுமக்கும் மொழியை எளிதாக்கு.

விடைத்தாளிலும் இதே நியாயம்தான். இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்ற கேள்விக்கு ‘லீஃப் ஃபுட் மேக், சன் நீட், வாட்டர் நீட், கார்பன் டை ஆக்சைடு டேக், ஆக்சிஜன் கிவ்’ என்று எழுதியிருந்தால் அறிவியல் முழுக்க இருக்கிறது. அறிவியல் தாளில் அதற்கு முழு மார்க் போட வேண்டும். ஆங்கிலத் தாளில் இலக்கணத்துக்கு மார்க் குறைத்தால் அது வேறு விஷயம். அங்கே அளக்க வந்ததே இலக்கணத்தைத்தான்.

எந்தச் சலுகை எதைத் தீர்க்கும்

சட்டம் இதில் கையை விரிக்கவில்லை. 2016 சட்டத்தின் 17ஆம் பிரிவு, தேர்வு முறையில் தகுந்த மாற்றம் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை உதாரணமாகத் தருகிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தரச் சொல்லின. மகாராஷ்டிரம், தமிழ்நாடு இரண்டிலும் பொதுத்தேர்வு எழுதும் காது கேளாத மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் மொழிப்பாட விலக்கும் உண்டு. இவை போராடிப் பெற்றவை, வேண்டியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் எந்த நோய்க்கு மருந்து என்று பார்க்க வேண்டும்.

கூடுதல் நேரம் மெதுவாகப் படிப்பவருக்கு உதவும். ‘வாஸ் ஹெல்ப்ட் பை’யைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் அதே தப்பை நிதானமாகச் செய்வார். நேரச் சலுகை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஸ்டீபன் சிரேசியின் குழு 2005இல் சொன்னது, கூடுதல் நேரம் எல்லா மாணவருக்கும் கொஞ்சம் உதவுகிறது, குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடுதலாக உதவுகிறது என்பதே. நியாயமான சலுகைக்கு நல்ல உரைகல்லும் இதுதான்: தடை உள்ளவருக்கு நிறைய ஏற வேண்டும், இல்லாதவருக்கு அதிகம் ஏறக் கூடாது.

சொல்வதை எழுதுபவர் என்ற ஏற்பாடு பார்வையற்றோரையும் கையால் எழுத முடியாதோரையும் மனதில் வைத்துப் பிறந்தது. சைகையில் பதில் சொல்லும் மாணவிக்கு, சைகை தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் இரண்டு பேரும் மூன்று மணி நேரம் முகத்தோடு முகம் பார்த்திருக்கலாம். தேவை மொழிபெயர்ப்பாளர். அவர்களோ நாட்டில் மிகக் குறைவு. வேறொரு சிக்கலும் உண்டு. சில சைகைகள் பொருளையே வரைந்து காட்டுபவை. முக்கோணத்தின் சைகையில் மூன்று பக்கமும் தெரிந்துவிடும். எத்தனை பக்கம் என்று கேட்டால் கேள்வியே பதிலைச் சொல்லிவிடும். ஆளுக்கு ஆள் வேறுபடாமல், முன்கூட்டியே சரிபார்த்துப் பதிவு செய்த சைகைக் காணொலியாகக் கேள்விகளைத் தருவது இதற்கு நல்ல வழி. தில்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 2021க்குள் பத்தாயிரம் சொற்களுக்கு அகராதி வெளியிட்டிருக்கிறது. 2020இல் என்சிஇஆர்டி பாடநூல்களைச் சைகைக்கு மாற்றும் ஒப்பந்தமும் போடப்பட்டது. 2021இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி சைகை மொழியையே ஒரு பாடமாகச் சேர்த்தது. பாடம் சைகையில் வந்தால் கேள்வியும் சைகையில் வரலாம்.

மொழிப்பாட விலக்குதான் இருப்பதிலேயே சிக்கலானது. ஃபெயில் ஆகும் பயத்தைப் போக்குகிறது, அது உண்மை. ஆனால் எழுதாத பாடத்தை நடத்தும் அக்கறை பள்ளிக்குக் குறைந்துவிடும். பத்தாம் வகுப்பில் திறந்துவிட்ட கதவு வேலைத் தேர்வில் மூடிக்கொள்ளும். அரசு வேலையில் காது கேளாதோருக்கும் கேள்திறன் குறைந்தோருக்கும் சட்டம் ஒதுக்கிய ஒரு சதவீதத்துக்குப் போட்டியிடவும் எழுத்து மொழி வேண்டும். பல மொழிச் சுமையைக் குறைத்து ஒரு மொழியை ஆழமாகத் தருவதற்கு விலக்கு பயன்பட்டால் நல்லது. கோவையைச் சேர்ந்த, செவித்திறன் குறைபாடுள்ள ரஞ்சித் 2020 குடிமைப் பணித் தேர்வைத் தமிழில் எழுதி 750ஆவது இடத்தில் வந்தார். ஒரு மொழி உறுதியாகக் கைவசம் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது சாட்சி.

மொழியை எளிதாக்கினால் தேர்வின் தரம் இறங்கிவிடாதா? ஜமால் அபேதி கலிபோர்னியாவில் கணக்குக் கேள்விகளின் ஆங்கிலத்தை மட்டும் எளிமைப்படுத்திப் பார்த்தார். 2001இல் வெளியான அந்த ஆய்வில் ஏற்றம் சிறியதாகவே இருந்தது, ஆனால் ஏறியவர்கள் பின்தங்கியவர்களும் ஏழைப் பிள்ளைகளும். நன்றாகச் செய்பவர்களுக்கு அது இலவச மார்க்காக மாறவில்லை. அதாவது லேபர் கேம்ப்பிலிருந்து இங்கிலீஷ் மீடியம் போகும் காது கேட்கும் பிள்ளைக்கும் அதனால் நன்மையே. ‘லெஃப்ட் ஓப்பன்’ அந்தப் பிள்ளைக்கும் கண்ணிதான்.

சலுகையை ஒரே அளவில் தைத்துக் கொடுக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. எழுதும் கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள விகாஸ் குமார் என்பவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்டபோது, 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: நாற்பது சதவீதச் சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே, இவருக்கு எது தடையாக இருக்கிறது என்று பார். காது கேளாத மாணவர்களுக்கு இதைப் பொருத்தினால், கேட்க வேண்டியது டெசிபெல் எண் மட்டுமல்ல. எந்த வயதில் காது போனது, முதல் மொழி எது, அது எப்போது கிடைத்தது என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

தேர்வு அறைக்கு முன்னால்

லேபர் கேம்ப்பில் ஒரு வீட்டில் குழந்தை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று சந்தேகம் வந்தால், ‘அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்று காத்திருக்கக் கூடாது. உலகெங்கும் சொல்லும் கணக்கு ஒன்று, மூன்று, ஆறு: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்றுக்குள் உறுதி, ஆறுக்குள் உதவி. பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. மாஹிம் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், பாந்திராவில், 1983இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. காது மிஷினுக்கும் உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவிக்குமான மத்திய அரசுத் திட்டங்கள் அதன் வழியாகவும் வருகின்றன. கருவி கிடைத்தால் வாங்க வேண்டும். கருவி கிடைக்கும்வரையும், கிடைத்த பிறகும், கைமொழியும் வேண்டும். சைகை பழகினால் பேச்சு வராது என்ற பயத்துக்கு ஆய்வு ஆதரவு இல்லை. முதல் மொழி உறுதியானால் இரண்டாவது அதன் மேல் நிற்கும் என்பதையே மேபெரியின் முடிவு காட்டுகிறது. ஸ்வீடன் 1981இலேயே இதை நாடாளுமன்றத்தில் ஏற்று, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகையும் எழுத்து ஸ்வீடிஷும் என இருமொழிக் கல்வியை அமைத்தது. அம்மாவும் அண்ணனும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் நூறு சைகை கற்றுக்கொண்டால், மூன்று மொழி பேசும் அந்தச் சந்து நான்காவதையும் தாங்கும்.

ஏற்கெனவே ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு அந்த ஐந்து வருடங்களைத் திருப்பித் தர முடியாது. சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்து, தலைமையாசிரியரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, என்ன சலுகை, ஏன் என்று தெளிவாகக் கேட்கலாம். மீதி வேலை வீட்டின் கையில் இல்லை, தேர்வு வாரியத்தின் கையில் இருக்கிறது. அச்சுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு வினாத்தாளையும் சைகை மொழி தெரிந்த, முடிந்தால் காது கேளாத, ஆசிரியர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும். எங்கே அவர் தடுக்கி விழுகிறாரோ அங்கே பாடம் கடினமா, வாக்கியம் கடினமா என்று குழு உட்கார்ந்து பேசட்டும். பாடம் கடினம் என்றால் கேள்வி அப்படியே இருக்கலாம். வாக்கியம் கடினம் என்றால் அதைத் திருத்தி எழுத வேண்டியது வாரியம். அதற்காக மாணவியின் மார்க்கைக் குறைப்பது நியாயமில்லை.